சாதித்தால்தான் கதையா?

படப்புத்தகம் என்றால் பெரும்பாலும் முப்பத்திரண்டு பக்கம். அதற்குள் ஒருவர் பிறந்து, வளர்ந்து, தடுமாறி, நிமிர்ந்து, பெயர் வாங்கியாக வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கான இந்த வகை வாழ்க்கை வரலாறுகள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உலகெங்கும் பெருகிவிட்டன. பார்சிலோனாவைச் சேர்ந்த மரியா இசபெல் சான்செஸ் வேகாரா எழுதும் ‘லிட்டில் பீப்பிள், பிக் ட்ரீம்ஸ்’ வரிசையை ஜெர்மன் மொழியில் இன்சல் பதிப்பகம் கொண்டுவருகிறது. மேரி கியூரி, ஃபிரிடா காலோ என்று நீளும் அந்த வரிசையும் அதைப் போன்ற பிற வரிசைகளும் ஒரு பெரிய ஊர்வலம். அந்த ஊர்வலத்தில் ஆட்டிசம் உள்ளவர்கள் யார் யார் என்று தேடினால் இரண்டு பெயர்களே திரும்பத் திரும்ப எதிர்ப்படுகின்றன. ஒருவர் அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின். இன்னொருவர் ஸ்வீடனின் கிரேட்டா துன்பெர்க்.

இருவரும் மகத்தான மனிதர்கள். ஆனால் ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தை வகுப்பில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் குழந்தையைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு வாழ்க்கைகள் போதுமா? யாருடைய வாழ்க்கை புத்தகமாகத் தகுதி பெறுகிறது, அதை யார் எழுதுகிறார்கள் என்ற கேள்விகளை ரைன் நதிக்கரையில் உள்ள பான் நகரிலிருந்து பார்ப்பது பயன் தரும். உடற்குறையை வென்ற மேதை என்று உலகமே சொல்லும் பீத்தோவன் பிறந்த ஊர் அது. மனநலம் குன்றியதாகக் கருதப்பட்ட குழந்தைகளுக்கு ஜெர்மனியில் முதன்முதலாகத் தனி மருத்துவமனை எழுந்ததும் அங்கேதான். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதும் பத்திரிகை பிறந்ததும் அங்கேதான்.

முதலில் கிராண்டின். 1947இல் பாஸ்டனில் பிறந்தவர். மூன்றரை வயதுவரை பேச்சு வரவில்லை. காப்பகத்தில் சேர்த்துவிடுங்கள் என்று சொன்னவர்களின் பேச்சைத் தாய் கேட்கவில்லை. பதின்வயதில் அரிசோனாவில் இருந்த உறவினரின் மாட்டுப் பண்ணைக்குப் போனபோது, தடுப்பூசி போடுவதற்காக மாடுகளை இருபக்கமும் பலகையால் அழுத்திப் பிடிக்கும் கூண்டைப் பார்த்தார். மிரண்டு நின்ற மாடு அந்த அழுத்தத்தில் அடங்கிப்போனது. தானும் அதற்குள் போய் நின்று பார்த்தார். யாரும் தொட்டால் உடம்பு பதறுகிற அந்தப் பெண்ணுக்கு அந்த அழுத்தம் நிம்மதி தந்தது. பிறகு மரப்பலகையால் தனக்கென்று ஓர் அணைப்பு இயந்திரம் செய்துகொண்டார். எவ்வளவு இறுக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். கால்நடைகளை அச்சுறுத்தாமல் நடத்தும் கட்டமைப்புகளை வடிவமைத்து, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

இந்தக் கதையை ஜூலியா ஃபின்லி மோஸ்கா 2017இல் ‘தி கேர்ள் ஹூ தாட் இன் பிக்சர்ஸ்’ என்ற பெயரில் எதுகையோடு பாடல் நடையில் எழுதினார். படங்கள் டேனியல் ரைலி. அடுத்த ஆண்டே ஏமி கூலியெல்மோவும் ஜாக்குலின் டூர்வில்லும் ‘ஹவ் டு பில்ட் எ ஹக்’ புத்தகத்தைக் கொண்டுவந்தனர். படங்கள் ஜிசெல் பாட்டர். இரண்டில் பின்னது ஒரு படி மேல். முந்தையது கிராண்டினின் வாழ்நாள் முழுவதையும் துள்ளலோடு ஓடிக் கடக்கிறது. பின்னதோ ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பேசுகிறது: அணைப்பு வேண்டும், ஆனால் அணைத்தால் தாங்க முடியவில்லை. உடம்புக்குள் நடக்கிற அந்த இழுபறியை ஏழு வயதுக் குழந்தையும் புரிந்துகொள்ளும். காற்சட்டைத் துணி குத்துவதும் குக்கர் விசில் காதைப் பிளப்பதும் எந்தக் குழந்தைக்கும் தெரிந்தவைதானே. ‘அவளுக்கு ஏதோ வியாதி’ என்பதற்குப் பதில் ‘அவளுக்கு இது இப்படி இருக்கிறது’ என்று வாசகக் குழந்தை நினைக்கத் தொடங்கினாலே அந்தப் புத்தகம் தன் வேலையைச் செய்துவிட்டது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்கள் எல்லாரும் தன்னைப் போலப் படங்களாகவே யோசிப்பார்கள் என்று முதலில் நினைத்ததைக் கிராண்டினே பின்னாளில் திருத்திக்கொண்டார். சிலர் சொற்களாகவும் சிலர் வடிவ ஒழுங்குகளாகவும் யோசிக்கிறார்கள் என்று எழுதினார். அணைப்பு இயந்திரம் பழுதாகிவிட்டது, சரிசெய்யவில்லை, இப்போது மனிதர்களையே அணைத்துக்கொள்கிறேன் என்று 2010இல் ஒரு பேட்டியில் சொன்னார். ஒரு மனிதர் அறுபது வயதிலும் மாறிக்கொண்டிருக்கிறார். படப்புத்தகமோ அவரை ஒரு சித்திரத்தில் நிறுத்திவிடுகிறது: வித்தியாசமான மூளை, அதனால் ஒரு கண்டுபிடிப்பு, அதனால் புகழ்.

கிரேட்டாவின் கதை பான் நகருக்கு இன்னும் நெருக்கம். ஐ.நா. காலநிலை மாற்றச் செயலகம் 1996 முதல் அங்குதான் இயங்குகிறது. ஆண்டின் நடுவில் நடக்கும் காலநிலைப் பேச்சுவார்த்தைகளும் அங்கேதான். 2017 நவம்பரில் 23ஆவது காலநிலை மாநாடு நடந்ததும் அந்த ஊரில்தான். அதற்கு மறு ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று பதினைந்து வயதுக் கிரேட்டா ஸ்டாக்ஹோம் நாடாளுமன்றத்தின் முன் தனியாக உட்கார்ந்தார். சில மாதங்களில் ஜெர்மனியின் நகரங்களில் வெள்ளிக்கிழமைதோறும் மாணவர்கள் தெருவுக்கு வந்தனர். அதைத் தொடர்ந்து புத்தகங்களும் வந்தன: 2019இல் ஜெனட் வின்டரின் ‘அவர் ஹவுஸ் இஸ் ஆன் ஃபயர்’, அதே ஆண்டில் ஸோயி டக்கரின் ‘கிரேட்டா அண்ட் தி ஜயன்ட்ஸ்’, பிறகு ‘லிட்டில் பீப்பிள்’ வரிசையில் ஒன்று. டக்கரின் புத்தகம் முழுக்க உருவகக் கதை. காட்டில் ஒரு சிறுமி, காட்டை அழிக்கும் பூதங்கள், உதவி கேட்டு வரும் விலங்குகள். அழகான கதைதான். ஆனால் காலநிலையைப் பற்றிப் பெரியவர்கள் தலையாட்டிவிட்டு நகர்ந்துபோன ஒரு தகவலை விட முடியாமல் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டையும் பேச்சையும் இழந்து மாதக்கணக்கில் வாடிய நிஜக் கிரேட்டா அந்தக் காட்டில் இல்லை.

கிரேட்டா தன் ஆட்டிசத்தைப் பற்றி 2019இல் சொன்னதை ஊடகங்கள் பாதியாக வெட்டிக்கொண்டன. சூழல் சரியாக அமைந்தால் வித்தியாசமாக இருப்பது ஒரு பெரும் ஆற்றல் என்பது அவர் சொன்னதன் சாரம். ‘பெரும் ஆற்றல்’ எங்கும் பரவியது. ‘சூழல் சரியாக அமைந்தால்’ காணாமல்போனது. குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டியது அந்த முதல் பாதி. வகுப்பறை இரைச்சலைக் குறைப்பதும், பதில் சொல்ல நேரம் கொடுப்பதும், விளையாட அழைத்துவிட்டு வராவிட்டால் கோபிக்காமல் இருப்பதும் அந்தச் சூழலில் அடக்கம். அதைச் செய்யக்கூடியவர்கள் வாசிக்கும் குழந்தைகளும் அவர்களின் ஆசிரியர்களும்தான்.

குறையை வென்று புகழ் பெறும் இந்தக் கதை வார்ப்பு எங்கிருந்து வந்தது? பான்காஸ்ஸ தெருவில் பீத்தோவன் பிறந்த வீடு இன்று அருங்காட்சியகம். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் பயன்படுத்திய செவிக்குழல்கள் இருக்கின்றன. மெட்ரோனோமுக்குப் பெயர்போன மெல்ட்செல் செய்து கொடுத்தவை. உலோகத் தகட்டை வளைத்து, ஒரு முனையை அகலமாக்கி, மறுமுனையைக் காதில் வைக்கும்படி செய்த கனமான கருவிகள். அதைப் பார்க்கும் குழந்தைக்கு ஒரு கதை உடனே பிடிபட்டுவிடும்: காது கேட்டது, பிறகு கேட்காமல் போனது, ஆனாலும் இசையமைத்தார். தடை, போராட்டம், வெற்றி. பீத்தோவனுக்கு அது பொருந்தும். செவித்திறன் அவரிடம் இருந்து பறிபோனது. ஆட்டிசம் நடுவழியில் வந்து குறுக்கே நிற்கும் சுவர் இல்லை. பிறந்த நாள் முதல் ஒருவர் உலகத்தை உணரும் விதமே அது. அதைத் தாண்டி வென்றார் என்று எழுதினால், அவர் தன்னையே தாண்டினார் என்று சொல்வதாகிவிடும். இருந்தும் பதிப்பகங்கள் பீத்தோவனுக்குத் தைத்த சட்டையை எல்லாருக்கும் மாட்டிப் பார்க்கின்றன.

ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் வித்தியாசம் பயன் தந்தால்தான் மதிப்பு என்ற இந்த எண்ணத்துக்கு ஒரு கறுப்பு வரலாறும் உண்டு. 1926இல் மனநல மருத்துவர் ஓட்டோ லோவன்ஸ்டைன் பான் நகரில் குழந்தைகளுக்கென்று தனி மனநல மருத்துவமனையைத் தொடங்கினார். ஜெர்மனியில் அப்படி ஒன்று அதுவே முதல். தற்செயலாக அதே ஆண்டில்தான் மாஸ்கோவைச் சேர்ந்த குரூன்யா சுகரேவா, ஆறு சிறுவர்களைப் பற்றிய தன் ஆய்வை ஜெர்மன் மருத்துவ இதழில் வெளியிட்டார். இன்று நாம் ஆட்டிசம் என்று சொல்வதைத் துல்லியமாக விவரித்த முதல் எழுத்துகளில் அது ஒன்று. யூதக் குடும்பத்தில் பிறந்த லோவன்ஸ்டைன் 1933 மார்ச்சில் நாஜிகளால் விரட்டப்பட்டு சுவிட்சர்லாந்துக்கும், பிறகு அமெரிக்காவுக்கும் போனார். 1941 முதல் 1943 வரை பான் நகர் அமைந்த அதே ரைன்லாந்துப் பகுதியின் வால்ட்னீலில், சிகிச்சைப் பிரிவு என்ற பெயரில் இயங்கிய இடத்தில் ஊனமுற்ற குழந்தைகள் கொல்லப்பட்டனர்.

வியன்னாவில் மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் எழுதிய கட்டுரை, ஆட்டிசம் உள்ள சில சிறுவர்கள் வளர்ந்து தங்கள் துறையில் உயர்வார்கள், சமூகத்துக்குப் பயன்படுவார்கள் என்று வாதிட்டது. நெடுநாள் அவரைக் குழந்தைகளின் காவலராகவே உலகம் கொண்டாடியது. வரலாற்றாசிரியர் ஹெர்விக் செக் 2018இல் ஆவணங்களோடு வெளியிட்ட ஆய்வு அந்தச் சித்திரத்தைக் கலைத்தது. ஏறத்தாழ 800 குழந்தைகள் மாண்ட அம் ஷ்பீகல்குருண்ட் நிலையத்துக்கு ஆஸ்பெர்கரே குழந்தைகளை அனுப்பியிருந்தார். அப்படி 1941இல் அனுப்பப்பட்ட ஒரு சிறுமி, தன் மூன்றாவது பிறந்த நாளுக்கு மறுநாள் அங்கே இறந்தாள். பயன்படுவார் என்று கணித்தவர்களுக்காக வாதாடிய அதே கை, பயன்படமாட்டார் என்று கணித்தவர்களைக் கைவிட்டது.

இன்றைய படப்புத்தக ஆசிரியர்களை அந்த மருத்துவரோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். அவர்களின் நோக்கம் நேர் எதிரானது. ஆனால் ஆட்டிசம் உள்ள ஒருவர் மதிக்கப்பட வேண்டுமானால் முதலில் எதையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு முழு நூலக அடுக்கே குழந்தைக்குச் சொன்னால், எதையும் கண்டுபிடிக்காத பக்கத்து வீட்டுப் பையனை அந்தக் குழந்தை எந்தக் கணக்கில் வைக்கும்?

வேறு விதமாகவும் எழுத முடியும் என்பதற்கு நல்ல உதாரணம் ஆலன் சேயின் ‘சைலன்ட் டேஸ், சைலன்ட் ட்ரீம்ஸ்’ (2017). ஐடஹோ மாநிலத்துப் பண்ணை ஒன்றில் 1899இல் பிறந்த ஜேம்ஸ் காசிலின் கதை அது. காது கேட்காது, பேச்சில்லை, எழுத்தும் வரவில்லை. ஆட்டிசமும் இருந்தது என்கிறார் சே. காசிலின் காலத்தில் அப்படி யாரும் பரிசோதித்துச் சொன்னதில்லை என்பதையும் வாசகர் மனத்தில் வைக்க வேண்டும். அடுப்புக் கரியை எச்சிலில் குழைத்து, கூர் சீவிய குச்சியால், கையில் கிடைத்த அட்டைத் துண்டுகளிலும் பழைய காகிதங்களிலும் காசில் வரைந்துகொண்டே இருந்தார். சேயும் அந்தப் புத்தகத்துக்காகக் கரியையும் எச்சிலையும் குழைத்து அப்படியே வரைந்து பார்த்திருக்கிறார். பக்கங்களில் படிந்திருக்கும் அந்த மங்கலான சாம்பல் நிறம் எந்தப் புகழுரையும் செய்யாத வேலையைச் செய்கிறது. பின்னாளில் காசிலின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்கள் என்பது கதையில் வருகிறது. ஆனால் அதனால்தான் அவர் வாழ்க்கைக்கு மதிப்பு என்று புத்தகம் சொல்லவில்லை.

காசிலின் கதையைச் சொல்வது அவருடைய சகோதரி மகனின் குரல். இங்கே அடுத்த கேள்வி எழுகிறது. பேசாத ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லும் உரிமை யாருக்கு?

ஜெர்மனி இந்த விஷயத்தில் கையைச் சுட்டுக்கொண்ட நாடு. ஆட்டிசம் உள்ள, பேசாத பெர்லின் இளைஞரான பிர்கர் செல்லின் பெயரில் 1993இல் வந்த புத்தகம் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. உதவியாளர் ஒருவர் கையைத் தாங்கிப் பிடிக்க, அவர் தட்டச்சு செய்த வரிகள் என்று அது சொல்லப்பட்டது. இந்த முறையைக் கட்டுப்பாட்டோடு சோதித்தபோது, எழுத்தைத் தேர்ந்தெடுத்தது உதவியாளர்தான் என்பதே மறுபடி மறுபடி தெரியவந்தது. உதவியாளர்கள் பொய் சொன்னதாகவும் சொல்ல முடியாது. தாங்கள்தான் செலுத்துகிறோம் என்பது அவர்களுக்கே தெரிவதில்லை. கர்நாடகத்தில் வளர்ந்த, ஆட்டிசம் உள்ள டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாய 2000இல் வெளியிட்ட ‘பியாண்ட் தி சைலன்ஸ்’ உலகெங்கும் வாசிக்கப்பட்டது. தாய் சோமா அவருக்குக் கற்பித்த எழுத்துப்பலகை முறையைப் பற்றியும் விவாதம் ஓயவில்லை. பேசாதவருக்கு உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைப்பது கொடுமை. நம் சொல்லை அவர் வாயில் வைப்பதும் கொடுமைதான். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள ஒற்றையடிப் பாதையில்தான் ஆசிரியர் நடக்க வேண்டியிருக்கிறது.

பான் நகரில் 1998இல் பிறந்த ‘ஓரன்குஸ்’ பத்திரிகை அந்தப் பாதையில் நடந்து காட்டியது. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்கள் உலகத்தை எப்படி உணர்கிறார்கள் என்று பான் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்விலிருந்து, மரபியலாளர் காட்யா டி பிரகான்சா அதைத் தொடங்கினார். எழுதுபவர்கள் அனைவரும் டவுன் சின்ட்ரோம் உள்ளவர்கள். சிலர் கையால் எழுதுவார்கள், சிலர் தட்டச்சு செய்வார்கள், எழுத வராதவர்கள் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிக்கொள்வார். முக்கியமான விதி ஒன்று: எழுத்துப்பிழையைக்கூடத் திருத்துவதில்லை. ஆசிரியர் குழு அழகுபடுத்தத் தொடங்கினால் அது ஆசிரியர் குழுவின் குரலாகிவிடும். இதழுக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொண்டு அவர்கள் எழுதியது காதலையும் வேலையையும் பயணத்தையும் பற்றி. ‘குறை’யைப் பற்றி மட்டும் இல்லை.

அந்த வழியில் 2016 அக்டோபர் முதல் 2017 மார்ச் வரை பான் நகரின் பூண்டஸ்குன்ஸ்ட்ஹாலே கலைக்கூடத்தில் ‘டச்டவுன்’ என்ற கண்காட்சி நடந்தது. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களைப் பற்றி, அவர்களோடு சேர்ந்தே உருவாக்கியது. நாஜி காலக் கொலைகளையும் அது மறைக்கவில்லை. பார்வையாளர்களை இருவர் சேர்ந்து அழைத்துப் போனார்கள்: ஒருவருக்கு டவுன் சின்ட்ரோம் உண்டு, மற்றவருக்கு இல்லை. டவுன் சின்ட்ரோம் வேறு, ஆட்டிசம் வேறு. ஆனால் அந்த முறையை ஆட்டிசம் பற்றிய படப்புத்தகத்துக்கு எடுத்துக்கொள்ளத் தடையேதும் இல்லை. வாழ்ந்தவரும் எழுதத் தெரிந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். வாழ்ந்தவர் சொன்னதை மற்றவர் மினுக்கக் கூடாது.

ஆட்டிசம் உள்ளவரே பேனாவையும் தூரிகையையும் எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜெர்மனியிலேயே சான்று உண்டு. டானியேலா ஷ்ரைட்டர் 2014இல் வெளியிட்ட ‘ஷாட்டன்ஷ்ப்ரிங்கர்’ அவருடைய குழந்தைப்பருவத்தைச் சொல்லும் சித்திரக்கதை. வளர்ந்த பிறகே தனக்கு ஆஸ்பெர்கர் வகை ஆட்டிசம் என்று அவருக்குத் தெரியவந்தது. பள்ளிக்கூடத்தின் சத்தமும் கூட்டமும் பார்வைகளும் அதில் உள்ளிருந்து வரையப்பட்டிருக்கின்றன. வெற்றிக் கோப்பை எதுவும் கடைசிப் பக்கத்தில் இல்லை. ஒரு பெண் வளர்ந்தாள், தன்னை அறிந்துகொண்டாள், அதுவே கதை. சின்னக் குழந்தைகளுக்கான புத்தகம் அது அல்ல. ஆனால் படம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அதில் பார்க்கலாம்.

தமிழில் இந்தப் பக்கம் விதை விழுந்திருக்கிறது. யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம் சில புரிதல்கள்’ பல பெற்றோருக்கு முதல் கைவிளக்கு. குழந்தைகளுக்கான ‘சந்துருவுக்கு என்ன ஆச்சு?’ என்ற புத்தகத்தையும் ‘துலக்கம்’ நாவலையும் அவர் எழுதினார். ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நூலுக்காக 2020இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றவர். லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் ‘எழுதாப் பயணம்’ ஒரு தாயின் அனுபவம். சென்னையின் வித்யாசாகர் அமைப்பும் டக்பில் பதிப்பகமும் பராக் திட்டமும் சேர்ந்து நடத்திய போட்டியிலிருந்து, ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனை நாயகனாகக் கொண்ட ‘விபூதி கேட்’ ஆங்கிலத்தில் வந்தது. சென்னையின் தூலிகா பதிப்பகம், சக்கர நாற்காலி விளையாட்டு வீராங்கனை மாலதி ஹொல்லாவின் வாழ்க்கையைப் படப்புத்தகமாக்கியது. ஒரு பக்கம் புனைகதையும் தாயின் எழுத்தும், இன்னொரு பக்கம் ஊனமுற்ற சாதனையாளரின் வரலாறு. இரண்டு கரையும் இருக்கின்றன, இனிப் பாலம் கட்ட வேண்டும்.

அதற்கான தேவை பான் நகரைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் உண்டு. 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்தவர்களில் பலர் பான் இருக்கும் மாநிலத்தில்தான் வேரூன்றினார்கள். பேரப்பிள்ளைகள் ஜெர்மன் பள்ளியில் கிரேட்டாவைப் படிக்கிறார்கள். வார இறுதியில் தமிழாலயம் என்ற தமிழ்ப் பள்ளியில் ஔவையாரைப் படிக்கிறார்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னால், ‘பிந்தித்தான் கதைப்பான், எங்கட சித்தப்பாவும் அப்பிடித்தானே’ என்று தள்ளிப்போடுவது இன்னும் மாறவில்லை. ஜெர்மன் மொழியில் வரும் கையேடு அம்மம்மாவுக்கு எட்டாது. மடியில் வைத்து அவர் வாசித்துக் காட்டக்கூடிய ஒரு தமிழ்ப் படப்புத்தகம் எட்டும்.

யாருடைய வாழ்க்கையை எழுதலாம்? 1943இல் மருத்துவர் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்த கட்டுரையில் பதினொரு குழந்தைகள். முதலாமவர் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்ளெட். மூன்று வயதில் காப்பகத்தில் விடப்பட்டு, ஓராண்டுக்குப் பின் பெற்றோரால் மீட்கப்பட்டவர். கல்லூரி முடித்து, ஊர் வங்கியில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார். கோல்ஃப் ஆடினார், தனியாக நாடு நாடாகச் சுற்றினார், ஊராருக்குத் தன் விருப்பப்படி எண்களைப் பட்டப்பெயராகச் சூட்டினார். 2023 ஜூனில், 89 வயதில் இறந்தார். அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊர் அவரைத் தன்னுடைய ஆளாக வைத்துக்கொண்டது. குடும்பத்துக்கு அந்த வங்கியில் பங்கு இருந்ததும், வெள்ளையர் குடும்பம் என்பதும் அதற்குத் துணை செய்தன. அதையும் குழந்தைக்கு மறைக்க வேண்டியதில்லை. பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஊர் என்ன செய்ய வேண்டும் என்று குழந்தையே கேட்கும்.

தமிழில் அப்படி ஒரு புத்தகத்தைச் செய்ய முன்வரும் பதிப்பகத்துக்கு வழி எளிது, உழைப்புதான் அதிகம். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. தொழிற்பயிற்சிக் கூடத்திலும் அச்சகத்திலும் அடுக்களையிலும் வேலை செய்யும், ஆட்டிசம் உள்ள இளைஞர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் விருப்பமுள்ள ஒருவரோடு எழுத்தாளரும் ஓவியரும் மாதக்கணக்கில் உட்கார வேண்டும். எந்த நிறம் கண்ணைக் கூசுகிறது, எந்தப் பேருந்து ஹாரன் வயிற்றைக் கலக்குகிறது, எந்த வரிசையில் டிபன் பாக்ஸைத் திறந்தால் நிம்மதி என்று கேட்க வேண்டும். அவரால் சொல்ல முடியாவிட்டால் அவர் செய்வதை மட்டும் எழுதி, மனத்தில் என்ன நினைத்தார் என்று கற்பனையாக எழுதுவதை நிறுத்திக்கொள்ள வேண்டும். வரைந்த பக்கங்களை அவரிடம் காட்டி, அவர் ஒதுக்கித் தள்ளியதைக் கிழித்துவிட வேண்டும். அட்டையில் முதல் பெயர் அவருடையதாக இருக்கட்டும். ஒப்பந்தத்தில் உரிமைத் தொகையும் அவருக்கே போகட்டும்.